நெல் அவித்தவர்கள்

1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பெரிபெரி பரவியது. கால்கள் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பெருக்கும், ஒருநாள் படுத்தபடியே உயிர் போய்விடும். அங்கே மருத்துவராக இருந்த வில்லியம் ஃப்ளெட்சர் அந்த ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண் ஒரு கட்டடத்துக்கு, இரட்டைப்படை மற்றொன்றுக்கு. ஒரு கூட்டத்துக்குச் சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. மற்றக் கூட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. வேறெதிலும் வேறுபாடில்லை. ஆண்டின் நடுவில் இரு கூட்டங்களின் இருப்பிடத்தையும் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டடத்தில் தங்கவில்லை, அரிசியோடு போனது. ஓராண்டு முடிவில் பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட இல்லை. 1907இல் இது லான்செட் இதழில் வந்தது.

வேண்டாம் என்று சொல்ல முடியாதவர்கள் மேல் நடத்தப்பட்ட சோதனை இது. நோயின் வரலாற்றை எழுதும் மருத்துவ நூல்கள் இந்த இடத்தில் நிற்பதில்லை, கடந்துவிடுகின்றன. அவை கேட்காத இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தப் புழுங்கல் அரிசியைப் புழுக்கும் முறையைக் கண்டுபிடித்தது யார்?

அதே 1907இல், மலாயாவில் பணியாற்றிய லியோனார்ட் பிராடன் பெரிபெரி பற்றித் தடித்த நூல் ஒன்றை எழுதினார். சயாம் அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் இந்நோயில் கொத்துக்கொத்தாக மடிகிறார்கள். அதே வெயிலில், அதே போன்ற லயங்களில் கிடந்து உழைக்கும் தமிழர்களுக்கு அநேகமாக இந்நோய் வருவதில்லை. தங்கள் வயல் நெல்லை அவ்வப்போது குத்தி உண்ணும் மலாய்க் கிராமத்தாருக்கும் வருவதில்லை. இதுதான் அவர் கண்டது. வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று அவர் முடிவுகட்டியது தவறு. நஞ்சு சேரவில்லை, ஒன்று குறைந்திருந்தது. ஆனால் காரணம் அரிசிதான் என்பதைச் சரியாகப் பிடித்தார். அதே ஆண்டில் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவா தொழிலாளர்களிடையே அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து இதை உறுதிசெய்தார்கள்.

தோட்டக்காட்டுத் தமிழர்களை அந்த நாளில் பாதுகாத்த ஒன்றிரண்டு விஷயங்களில் புழுங்கல் அரிசியும் ஒன்று. கங்காணி கொடுத்ததில்லை அது, துரை கொடுத்ததுமில்லை. ஊரிலிருந்து நாக்கோடு கூடவே போன பழக்கம். அந்தப் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாக அடுப்படியிலும் களத்திலும் வைத்திருந்தவர்கள் பெண்கள்.

என் ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் ஊர். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் என்று அரசுக் கணக்கில் நிலைத்தது. இன்று எங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் திராட்சையைத்தான் சொல்வார்கள். திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் இதயத்தைக் காக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. அந்த ஆய்வுகளில் கணிசமானவற்றை வெளியிட்ட கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில், தரவுகள் 145 இடங்களில் புனையப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்ததாக 2012இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. திராட்சை நல்ல பழம், அவ்வளவுதான். எங்கள் பள்ளத்தாக்கில் இதயத் தசையை உண்மையில் காத்த பொருள் களத்தில் அண்டாவுக்குள் வெந்துகொண்டிருந்தது.

அப்பத்தா நெல் அவித்ததை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் நெல்லைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். பதர் மிதந்து வரும், அதை அரித்து எடுத்துவிடுவார்கள். விடியக் கருக்கலில் அண்டாவில் ஏற்றி, தென்னமட்டையும் உமியும் போட்டு எரித்து, ஆவி மேலே வரும்வரை விடுவார்கள். “நெல்லு வாயத் தொறந்துச்சுன்னா எறக்கிரணும்டி. விட்டா கொழஞ்சு போகும்” என்பது அப்பத்தாவின் பதம். பிறகு களத்தில் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலால் துழாவிக் காயவைக்க வேண்டும். அதிகம் காய்ந்தால் குத்தும்போது நொறுங்கும். காயாவிட்டால் வாடை அடிக்கும். அப்பத்தாவிடம் கடிகாரமும் இல்லை, வெப்பமானியும் இல்லை. நாலு நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பார்.

எங்கள் வீட்டு நெல்லை அவித்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுப் பெண்களில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அண்டா தூக்கவும், களத்தில் காய்ச்சலில் நிற்கவும், குத்திப் புடைக்கவும் ஊரின் கிழக்கே இருந்த தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். கூலியாக நொய்யும் தவிடும். அப்பத்தா உட்கார்ந்து பதம் சொன்ன இடத்தில் அவர்கள் நின்றார்கள். அறிவு அவர்களுடையதும்தான்.

சத்துக்காக அவித்தார்கள் என்று சொன்னால் அது பொய்ப் பெருமை. அவித்த நெல் குத்தும்போது உடையாது. பச்சை நெல்லில் பாதி நொய்யாகப் போகும். அவித்த அரிசியில் சீக்கிரம் வண்டு விழாது. சோறு மறுநாள் நீராகாரத்துக்குத் தாங்கும். காட்டு வேலை செய்பவர்களுக்குப் பசி அடங்கும். இவையெல்லாம் உழைப்பவர் வீட்டுக் காரணங்கள். பச்சரிசி பூசைக்கும் பொங்கலுக்கும் உரியதாக, ஆசாரக்காரர் வீடுகளில் அன்றாடச் சோறாகவும் இருந்தது. புழுங்கல் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது, யாரோ கை வைத்தது, ஆகவே ஒரு படி கீழே. சாதிப் படிநிலை இப்படி அரிசிக்குள்ளும் இருந்தது. அது கீழே வைத்த அரிசியில்தான் உயிர்ச்சத்து தங்கியிருந்தது.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தமிழ் படித்தவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. இதயம் என்ற சொல்லை இத்தனை கவிதைகளில் பயன்படுத்தியவளுக்கு அதன் செல்லைத் தெரிந்துகொள்ளவும் உரிமை இருக்கிறது.

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வேண்டும். ஒரு நாளில் இதயம் ஆக்கிச் செலவழிக்கும் ஏடிபியை எடைபோட்டால் சுமார் 6 கிலோ வரும். கைக்குள் அடங்கும், கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஓர் உறுப்பு செய்யும் வேலை இது. ஆனால் கையிருப்போ சில விநாடிகளுக்கு மட்டும். அன்றன்று கூலி வாங்கி அன்றன்று உலை வைக்கும் வீட்டைப் போல, அது அந்தந்தக் கணம் ஆக்கி அந்தந்தக் கணம் செலவழிக்கிறது. ஆக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியா. ஈழத்துப் பாடநூல்கள் இழைமணி என்று அழகாகச் சொல்கின்றன. இதயத் தசைச் செல் ஒன்றின் உள்ளிடத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழைமணிகளே அடைத்திருக்கின்றன. (இழைமணிகள் தாய்வழியே மட்டும் வருபவை என்பதைப் பெண்ணின் பெருமையாகப் பேசும் வழக்கம் ஒன்று இப்போது இருக்கிறது. தாய்மையைப் புகழ்ந்தே நம்மை அடுப்படியில் உட்கார வைத்தவர்களின் குரல் அதில் கேட்பதால் எனக்கு அதில் ஆர்வமில்லை.)

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி, சர்க்கரை உடைந்து பைருவேட் என்ற சிறு மூலக்கூறாகி, இழைமணிக்குள் போகிறது. அங்கே அதை எரிப்பதற்கு ஏற்றதாக மாற்றும் நொதிக்குத் துணைப்பொருளாகத் தயமின், அதாவது வைட்டமின் பி1, வேண்டும். உள்ளே சுழலும் எரிப்புச் சுழற்சியின் நடுவில் இன்னொரு படியிலும் அது வேண்டும். இதயம் கொழுப்பையும் நிறைய எரிக்கும் உறுப்பு. ஆனால் கொழுப்பும் அந்தச் சுழற்சி வழியாகத்தான் போயாக வேண்டும். ஆகவே தயமின் இல்லையென்றால் இரண்டு வழியும் அடைபடும். விறகு வண்டிவண்டியாக இறங்கிக் கிடக்கும், அடுப்பு பற்றாது. வெள்ளைச் சோற்றை வயிறு நிறைய உண்டவர்கள் செத்ததன் காரணம் இதுதான்.

எரிப்பு தடைபட்ட இழைமணி முதலில் சோர்கிறது, பிறகு பழுதாகிறது. அதன் உள்மடிப்பில் சைட்டோகுரோம் சி என்ற சிறிய சிவந்த புரதம் இருக்கிறது. இழைமணி முழுமையாக இருக்கும்வரை இந்தப் புரதம் மின்னணுக்களைக் கைமாற்றி மூச்சுக்கு உதவுகிறது. வெளிச்சவ்வு ஓட்டை விழுந்து அது செல்லின் நீர்மத்துக்குள் கசிந்துவிட்டால் அதே புரதம் செல்லைச் சாகச் சொல்லும் சமிக்ஞையாகிறது. 1996இல் அமெரிக்காவில் ஷியாவ்டாங் வாங் குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். வாழவைப்பதும் சாகவைப்பதும் ஒரே பொருள், இருக்கும் இடம்தான் வேறு. செல்லும் சும்மா இருப்பதில்லை. வெளிச்சவ்வை ஓட்டை விழாமல் காக்கும் புரதங்கள் உண்டு. பழுதான இழைமணியைத் தனியே பிரித்துச் சுற்றிக் கட்டிச் செரித்துவிட்டுப் புதியதை ஆக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் ஏடிபி வேண்டும்.

தோல் செல் செத்தால் புதுச் செல் வரும். இதயத் தசையில் அப்படியில்லை. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கரிமத்தை வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்டு 2009இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் புதிதாகிறது, முதுமையில் அதிலும் பாதி. நம் இதயச் செல்களில் பாதிக்கு மேல் நம்மோடு பிறந்து நம்மோடு போகிறவை. ஆகவே இருப்பவற்றைச் சாகாமல் காப்பதுதான் வழி.

பெரிபெரி வந்தவர்களுக்குத் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் தணியும், சில நாட்களில் வீங்கிய இதயம் சுருங்கும். அந்தச் செல்கள் சாகவில்லை, பட்டினி கிடந்தன என்பது அப்போது தெரிகிறது. தாமதித்தால் அந்த வாய்ப்பு இல்லை.

அவிக்கும்போது நடப்பது இது: தயமின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. நீரில் கரையக்கூடியது. நெல் ஊறும்போதும் வேகும்போதும் அது நீரோடு மணிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து இறுகும்போது உள்ளேயே அடைபட்டுவிடுகிறது. பிறகு எத்தனை தீட்டினாலும் முழுதும் போகாது. குன்னூரில் 1937இல் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்தில் சேலத்துக்காரரான சி. கோபாலன் காலத்தில் விரிவான உணவுச் சத்து அட்டவணையில் நான்கு எண்கள் இருக்கின்றன. 100 கிராம் அரிசியில் உள்ள தயமின், மில்லிகிராமில்: ஆலையில் தீட்டிய பச்சரிசி 0.06. கைக்குத்தல் பச்சரிசி 0.21. ஆலையில் தீட்டிய புழுங்கல் 0.21. கைக்குத்தல் புழுங்கல் 0.27.

நடு இரண்டு எண்களையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றே. 1934இல் காந்தி அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தொடங்கினார்; தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே. சி. குமரப்பா அதன் செயலாளர். ஆலை அரிசியை எதிர்த்துக் கைக்குத்தல் அரிசிக்காக அவர்கள் ஓயாமல் பேசினார்கள். ஆலைகள் ஏழைப் பெண்களின் கூலியைப் பறித்தன என்ற அவர்கள் வாதம் உண்மை. ஆனால் ஆரோக்கியத்தின் பெயரால் உலக்கையை மறுபடியும் பெண்ணின் கையில் கொடுத்தபோது, அண்டா ஏற்கெனவே செய்துமுடித்திருந்த வேலையை அவர்கள் கவனிக்கவில்லை. அவித்த நெல்லை இயந்திரத்தில் கொடுத்தாலும் குத்திய பச்சரிசி அளவுக்குச் சத்து நிற்கும். தோள் கழன்றுபோக நாள் முழுக்கக் குத்த வேண்டியதில்லை.

வகுப்பில் நான் வள்ளைப்பாட்டு நடத்துகிறேன். உலக்கை மாற்றிப் பெண்கள் பாடும் அந்தப் பாட்டில் தலைவன் எந்த நாட்டவன், அவன் மலை எப்படிப்பட்டது என்று தேர்வில் கேள்வி வரும். உலக்கையின் எடை பற்றிக் கேள்வி வந்ததில்லை. போன வருடம் ஒரு மாணவி, தன் பாட்டிக்கு வலது தோள் இடதைவிட இறங்கியிருக்கும் என்றாள். அன்றைக்கு வகுப்பில் கொஞ்ச நேரம் வேறு பாடம் நடந்தது.

பெரிபெரியில் பெண்கள் மீது விழுந்த பழி தனிக் கதை. இரண்டு முதல் நான்கு மாதக் கைக்குழந்தை, தாய்ப்பால் மட்டுமே குடிப்பது, திடீரென்று பால் மறுக்கும். வாய் அழும், சத்தம் வராது. உடம்பு நீலம் பாயும். சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடும். தாய் பார்வைக்கு நன்றாகவே இருப்பாள். தாயின் பாலை நிறுத்தியதும் குழந்தை பிழைப்பதை 1898இல் ஜப்பானில் ஹிரோட்டா என்ற மருத்துவர் பதிவுசெய்தார். அதிலிருந்து தாய்ப்பாலே நஞ்சு என்ற எண்ணம் வேர் பிடித்தது. பிலிப்பைன்ஸில் 1910களில் தவிட்டுச் சாற்றைக் கொடுத்தே அத்தகைய குழந்தைகளைப் பிழைக்க வைத்தார்கள். அந்த முயற்சியில் இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், சென்னை மாகாணத்தில் அன்று சேர்ந்திருந்த நெல்லூரில் பிறந்தவர். தயமினை முதன்முதலில் செயற்கையாக உண்டாக்கியதும் அவர்தான், 1936இல். பாலில் நஞ்சு இல்லை, தாய்க்கே தயமின் எட்டவில்லை என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. கடைசியாக உண்பவள், பத்தியம் என்று குறைத்து உண்பவள், தன்னிடம் இல்லாததை எப்படிக் கொடுப்பாள்?

குன்னூர் ஆய்வகம் தொடங்கியதே பெரிபெரிக்காகத்தான். ராபர்ட் மக்கேரிசன் 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் அதைத் தொடங்கினார். ஆந்திரக் கடற்கரையில், தீட்டிய பச்சரிசி உண்ணும் மாவட்டங்களில் பெரிபெரி இருக்க, புழுங்கல் உண்ணும் தமிழ் மாவட்டங்களில் ஏன் இல்லை என்ற கேள்வி அங்கே வேலைசெய்தவர்களின் மேசையில் பல ஆண்டு கிடந்தது. அந்த ஆய்வகத்துக்கு 1940களில் உதவி இயக்குநராக வந்தவர் கமலா பாகவத், பின்னாளில் கமலா சோஹோனி.

1933இல் பம்பாயில் முதல் மாணவியாகத் தேறி, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். இயக்குநர் சர் சி. வி. ராமன், நம் திருச்சிராப்பள்ளிக்காரர், பெண் என்பதால் மறுத்தார். கமலா நேரே பெங்களூருக்குப் போய் அவர் முன் நின்றார், நகர மறுத்தார். ஓராண்டுக்கு முறையான மாணவியாக அல்லாமல் சோதனை முறையில். வழிகாட்டி கேட்டால் இரவிலும் வேலை. ஆண்களின் கவனம் சிதறக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு உள்ளே விட்டார்கள். ராமனின் நோபல் பரிசைப் பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த நம்மில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் தந்தார்கள்? கமலா அங்கே பாலிலும் பருப்பிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து பட்டம் பெற்று, 1937இல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே ஆய்வகத் தலைவர் ஹாப்கின்ஸ், 1929இல் வைட்டமின் ஆய்வுக்காக, கோழிகளில் பெரிபெரியை ஆராய்ந்த ஐக்மனோடு நோபல் பகிர்ந்துகொண்டவர். உருளைக்கிழங்கை வைத்து வேலைசெய்த கமலா, தாவரச் செல்களிலும் சைட்டோகுரோம் சி இருக்கிறது என்று காட்டினார். இழைமணியில் இருந்தால் உயிர், கசிந்தால் சாவு என்று சொன்னேனே, அதே புரதம். நாற்பது பக்கத் தட்டச்சு ஆய்வேட்டுக்கு 1939இல் முனைவர் பட்டம். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண். என் ஆய்வேடு நானூறு பக்கம், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

குன்னூரில் அவர் வைட்டமின்கள் பற்றி ஆராய்ந்தார், கட்டுரைகள் வெளியிட்டார். மேலே உயர வழி தெளிவாக இல்லை. 1947இல் திருமணம் செய்துகொண்டு பம்பாய் போனார். அங்கும் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவி, உள் அரசியலால் நான்கு ஆண்டு தள்ளித்தான் கிடைத்தது. 1998இல் இறந்தார்.

பெரிபெரி பழங்கதை என்று நினைத்திருந்தவர்களுக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கர்நாடகக் கடலோரத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் குழந்தை மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள் இதயமும் நுரையீரல் அழுத்தமும் கெட்டு, சாகும் நிலையில் வருகிறார்கள். தயமின் ஊசியில் சில மணி நேரத்தில் மீள்கிறார்கள். தாய்மார்கள் தீட்டிய வெள்ளை அரிசி உண்பவர்கள், பிரசவத்துக்குப் பின் காய், பருப்பு விலக்கிப் பத்தியம் இருந்தவர்கள். இதை எங்கள் ஊருக்கு வெளியே நடக்கும் செய்தியாக என்னால் படிக்க முடியவில்லை. என் பிரசவத்தின்போது அப்பத்தா, பிள்ளை பெத்தவளுக்குப் பச்சரிசி மந்தம் என்று சொல்லிப் புழுங்கலரிசிக் கஞ்சியும் பூண்டும் கொடுத்தார். அவர் சொன்ன காரணம் வேறு, விளைவு சரி. இப்போது ஊரில் மெலிந்து வெளுத்த சன்ன அரிசிக்குத்தான் மதிப்பு. புழுங்கலையும் வெள்ளை வெளேரென்று தீட்டித் தரச் சொல்கிறார்கள். இதயம் தளர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் நீர்மாத்திரை தயமினையும் சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றும் என்பது அந்த மாத்திரை உண்ணும் அத்தைமார்களுக்குத் தெரியாது.

ரேஷன் கடையில் இரண்டு மூட்டை இருக்கும், பச்சரிசி ஒன்று, புழுங்கல் ஒன்று. செறிவூட்டிய அரிசிக்கு அரசு வகுத்த தரத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் கட்டாயம். தயமின் விரும்பினால் சேர்க்கலாம் என்ற பட்டியலில் இருக்கிறது.